திலகாக்கா கத்தரி

ஆரப்பாளையத்துல எறங்கிட்டாளாம். மெசேஜ் வந்துருக்கு. ‘அக்கா, திண்டுக்கல் பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன், ஆனையூருக்கு எந்த பஸ்ஸு? வரும்போது பூ வாங்கிட்டு வரவா, மல்லியா பிச்சியா?’ வந்தோமா போனோமான்னு இல்லாம மல்லியா பிச்சியான்னு கேள்வி வேற. ஒண்ணும் வேணாம்மா, பத்திரமா வான்னு போட்டேன். சிரிக்கிற பொம்மை ஒண்ணும் சேத்துப் போட்டேன். நாலு வருசமா போன்லயே பழகுன ஜெசிந்தா, ஒரு தடவகூட நேர்ல பாக்காத ஜெசிந்தா, இன்னிக்கு எதுக்கு வர்றா? முந்தாநாள் அவ அனுப்புனத எத்தன தடவ படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியல. ‘உங்ககிட்ட நேர்ல ஒண்ணு சொல்லணும்க்கா. போன்ல சொல்ற விசயம் இல்ல.’ எனக்கும் அவளுக்கும் நடுவுல போன்ல சொல்ல முடியாத விசயம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நான் அனுப்புன கத்தரி விதை. கண்டுபிடிச்சிட்டாளா? கண்டுபிடிச்சவ பூ வாங்கிட்டு வரவான்னு கேப்பாளா? கேப்பா. இவ கேப்பா. கழுத்த அறுத்தாலும் கத்தி பிடிச்ச கை வலிக்குதான்னு விசாரிக்கிற சென்மம், அதான் இவகிட்ட எனக்கு ஆகவே ஆகாதது. சரி, அத அப்புறம் பாப்போம். அரைமணி நேரந்தான் இருக்கு, அதுக்குள்ள மாடியில எட்டுத் தொட்டியிலயும் தொங்குற காயப் பறிச்சு மறைச்சாகணும். ஊரே திலகாக்கா கத்தரின்னு கொண்டாடுற கத்தரி ஊதாவுல வெள்ள வரியோட இருக்கும். இங்க தொங்குறது பூராவும் பச்ச. வெறும் பச்ச. ஒரு வரி கெடையாது. வாயில வச்சா கசப்பு.

எப்படிக் கெட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதா என்ன. பக்கத்துத் தொட்டியிலயே பச்சக் கத்தரி நட்டேன், பூவுக்குப் பை கட்டல, தேனீ அதுல உக்காந்து இதுல உக்காந்து கலந்து விட்டுருச்சு. அதுலயும் ஒரே காயில மொத்த விதையும் எடுத்தேன். ‘ஒரே காயில விதை எடுக்காதீங்க சொந்தங்களே, பூவுக்குத் துணியில பை கட்டுங்க, ரெண்டு ரகத்தப் பக்கத்துல வைக்காதீங்க’ன்னு குழுவுல பாடம் எடுக்குறவ நான்தான். நானூத்திச் சொச்சம் பேரு அந்தக் குழுவுல, மாடித் தோட்டச் சொந்தங்கள்னு பேரு. எங்க குழுவுல விதைய விக்கக் கூடாது. வேணுங்கிறவங்க தன் விலாசத்த எழுதி ஸ்டாம்பு ஒட்டுன கவர அனுப்பணும், இருக்கிறவங்க அதுல விதையப் போட்டுத் திருப்பி அனுப்பணும். மொளச்சதும் குடுத்தவங்க பேரப் போட்டு படம் போடணும். நன்றின்னு தனியா ஒண்ணு சொல்ல வேணாம், அந்தப் பேருதான் நன்றி. உசிலம்பட்டி சந்தையில ஒரு குவியலுக்குள்ள ஒத்தக் காயா கெடந்தத எடுத்து, பழுக்க வச்சு, மூணு வருசம் வளத்து இந்த ரகத்த நான் நிலைக்க வச்சேன். கடலூர்ல இருந்து கம்பம் வரைக்கும் படம் வரும், ‘திலகாக்கா கத்தரி, நாலு இலை விட்டாச்சு’ன்னு. எங்க வீட்டுல என்னப் பேரு சொல்லிக் கூப்பிட ஆளு கெடையாது. இவருக்கு நான் ‘ஏய், இங்க பாரு’. பெங்களூர்ல இருக்கிற மகளுக்கு ஞாயித்துக்கெழம ஒரு போன். பேருன்னு ஒண்ணு எனக்கு அந்தக் காயிலதான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்தக் காயே இப்ப பச்சையாப் போச்சு. யார்கிட்டயாவது திருப்பிக் கேட்டா குடுப்பாங்க, ஏன் குடுக்க மாட்டாங்க. ஆனா கேக்கணுமே. திலகா கேக்குறதா? என்னக்கா, உங்க கத்தரியே உங்ககிட்ட இல்லையான்னு ஒருத்தி கேட்டா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது? வாளி நெறஞ்சிருச்சு. மேல கொஞ்சம் காஞ்ச எலையப் போட்டு மூடி வச்சேன்.

இந்த ஜெசிந்தா குழுவுல வந்து சேந்து நாலு வருசம். வந்த புதுசுல ஒண்ணுந்தெரியாது, கொத்தமல்லிய ஒடைக்காம வெதச்சிட்டு வரலக்கா வரலக்கான்னு அழுவா. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அப்புறம் பாத்தா இவ கவருக்குத்தான் கும்பலு. ஒரு கவர் கேட்டா மூணு ரகம் வச்சு அனுப்புவா, உள்ள ஒரு கடலமிட்டாய், ஒரு துண்டுச் சீட்டுல ‘உங்க வீட்டு மண்ணுக்கு என் அன்பு’ன்னு எழுதியிருப்பா. மண்ணுக்கு அன்பாம். ஸ்டாம்பு ஒட்டாத கவர் வந்தாலும் தானே ஒட்டி அனுப்புவா. எல்லாவளும் விதையப் படம் எடுக்காம அந்தச் சீட்டப் படம் எடுத்துப் போடுவாளுக. சரி, போகட்டும், அதுக்கெல்லாம் பொறாமப்படுற ஆளு இல்ல நானு. அதுக்கில்ல. எனக்கு டெங்கு வந்துச்சு பாருங்க, போன வருசம் ஐப்பசியில, அதுதான். பதினோரு நாளு போனத் தொடல. தட்டணு எறங்கி, ஒடம்பெல்லாம் யாரோ ஒலக்கையால குத்துன மாதிரி வலி. பன்னெண்டாம் நாளு போன எடுத்தேன், எப்படியும் அம்பது அறுபது பேராவது தேடியிருப்பாங்க, திலகாக்கா எங்க, திலகாக்காவுக்கு என்னாச்சுன்னு கெடக்கும்னு நெனச்சு மேல இருந்து கீழ தள்ளித் தள்ளிப் பாத்தேன். ஆயிரத்தி எரநூறு மெசேஜ். பாவக்கா, பஞ்சகவ்யம், மாவுப்பூச்சி, எவளோ ஒருத்தி வீட்டுப் பூன. என் பேரு ஒரு எடத்துல இல்ல. ஆறு வருசமா அள்ளி அள்ளிக் குடுத்த நாயி செத்தாளா இருக்காளான்னு கேக்க ஒரு நாதியில்ல. தனியா ஒரே ஒரு மெசேஜ் இருந்துச்சு. ‘அக்கா, பதினோரு நாளா உங்களக் காணோம். ஒடம்பு சரியில்லையா? நெலவேம்புப் பொடி அனுப்பியிருக்கேன், விலாசம் பழைய கவர்ல இருந்து எடுத்தேன்.’ ஜெசிந்தா. எண்ணியிருக்கா பாருங்க, பதினோரு நாளுன்னு. அன்னிக்கு நான் நன்றி சொல்லி அழுதிருக்கணும். அழுதேன், ஆனா நன்றியில இல்ல. மத்த யாருமே கேக்கலங்கிறது இவ ஒருத்தி கேட்டதுனாலதானே எனக்குத் தெரிஞ்சுச்சு. இவளும் கேக்காம இருந்திருந்தா எல்லாருக்கும் அவங்கவங்க சோலின்னு இருந்திருப்பேன். நான் நாதியத்தவங்கிறத இந்த ஒலகத்துல பாத்த ஒரே ஆளு இவ. அத மன்னிக்க முடியல. இப்ப நெனச்சாலும் நெஞ்சுக்குள்ள காந்துது.

ரெண்டு வாரம் கழிச்சு இவ கவர் வந்துச்சு, நம்ம கத்தரி கேட்டு. மேசையில வச்சு ரெண்டு நாளு பாத்துக்கிட்டே இருந்தேன். கத்தரி வெதைய வெதைக்கிறதுக்கு முந்தி வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் போடுவோம், நோயி வராது, விதை நேர்த்தின்னு அதுக்குப் பேரு. நானும் நேர்த்திதான் செஞ்சேன். தண்ணி கொஞ்சம் கூடக் கொதிச்சுச்சு. தளதளன்னு கொதிக்கிற தண்ணியில முப்பது விதையப் போட்டு மூடி வச்சேன், கால் மணி நேரம். வடிகட்டிக்கிட்டு இருக்கும்போது இவரு அடுப்படிக்கு வந்து எட்டிப் பாத்து ‘என்னது, ரசமா?’ன்னாரு. ஆமா, ஊத்தட்டுமான்னேன். நெழல்ல ரெண்டு நாளு காய வச்சேன். பாக்குறதுக்கு உயிருள்ள விதைக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசம் கெடையாது, அவ்வளவு அழகா இருந்துச்சு. எனக்குப் புது விதை இருந்துச்சு, போன வருசத்துப் பழைய டப்பாவுல இருந்து எடுத்து அதத்தான் வேக வச்சேன். பழசத்தானே அடுத்தவங்களுக்குக் குடுப்போம். அந்தப் பழசுதான் கலக்காத கடைசி விதைன்னும், எனக்குன்னு எடுத்து வச்ச புதுசுதான் தேனீ கெடுத்த விதைன்னும் அன்னிக்கு எனக்கு எப்படித் தெரியும்? எட்டுத் தொட்டியும் காய்ச்ச பெறகுதானே தெரிஞ்சுச்சு. நல்லதையெல்லாம் என் கையாலயே வெந்நியில போட்டு அவளுக்கு அனுப்பியிருக்கேன். இத யார்கிட்டச் சொல்லிச் சிரிக்கிறது.

மொளைக்கல. எங்க மொளைக்கும். இருபது நாளு பொறுத்துட்டுக் குழுவுல போட்டா, ‘திலகாக்கா விதை வரல, தப்பு என்னோடதுதான், தண்ணி கூடிப்போச்சுன்னு நெனைக்கிறேன்.’ பரவால்லம்மா, இன்னொரு கவர் அனுப்பும்மான்னு நான் போட்டேன் பாருங்க, அதுக்கு நாப்பது பேரு கைகூப்பி, அக்கா மனசே மனசுன்னு. அந்த நாப்பத எண்ணிப் பாத்துக்கிட்டே ரெண்டாவது முப்பதுக்கு அடுப்பு பத்த வச்சேன். அதுவும் வரல. இந்த தடவ எவளோ எழுதுனா, ‘எங்க வீட்டுல அதே விதை காடா வளருது, சில பேரு கை ராசி அப்படித்தான் ஜெசி, மனச விட்டுறாதீங்க.’ கை ராசி! நான் சொல்லல, நான் எங்க சொன்னேன், வேற எவளோதான் சொன்னா. ஆனா அத அழிச்சிரும்மா, அப்படியெல்லாம் சொல்லாதன்னு நான் சொல்லியிருக்கலாம். சொல்லல. அன்னியில இருந்து அந்தப் பொண்ணு கவர் அனுப்புறதக் கொறச்சிருச்சு. என் கைபட்ட விதைய வாங்குறவங்களுக்கு வரலைன்னா பாவம்க்கா, அப்படின்னு எனக்குத் தனியா எழுதுனா. அவ மாமியா எது வாடுனாலும் ‘இவ தொட்டாளா?’ன்னு கேக்குதாம். கீரைக்குத் தண்ணி ஊத்தக்கூட விடலையாம், மாமியா பாத்துக்கும்போல. இத எழுதி, கூடவே சிரிக்கிற பொம்மை. படிச்சிட்டு நான் என்ன செஞ்சேன்? மூணாவது கவர் அனுப்பச் சொன்னேன். என்னக் கேட்டா எனக்கே பதில் தெரியாது. போதும்னு ஒரு பக்கம் இருந்துச்சு, இன்னும் ஒரு தடவன்னு ஒரு பக்கம் இருந்துச்சு, பல்லுல மாட்டுனத நாக்கு சும்மா விடுதா, அது மாதிரி. அன்னிக்குப் பாத்து கேஸ் தீந்து போச்சு. பாத்ரூம்ல ஹீட்டரப் போட்டு அந்தத் தண்ணியில ஊற வச்சு அனுப்புனேன். அது ஆச்சு அஞ்சாறு மாசம். அப்புறம் அவ அதப் பத்தி வாயே தொறக்கல. இப்ப நேர்ல சொல்லணுமாம்.

அவ கொழுந்தன் விவசாய ஆபீசுல வேல பாக்குறான்னு ஒரு தடவ சொன்னா. அவன் விதைய நறுக்கிப் பாத்திருப்பான். உள்ள வெந்து போயிருக்கும்ல, பாத்தாத் தெரியுமா? தெரியும், ஏன் தெரியாது, படிச்சவன். அண்ணி, இத வேக வச்சிருக்காங்கன்னு சொல்லியிருப்பான். அவ நம்பியிருக்க மாட்டா. ரெண்டாவது ஒண்ண நறுக்கிக் காட்டியிருப்பான். அதான் வர்றா. வந்து என்ன சொல்லுவா? தபால்ல வெயில்ல கெடந்திருக்கும்மான்னு சொல்லலாம். முத்திரை குத்துறப்ப நசுங்கியிருக்கும்னு சொல்லலாம். மூணு தடவயுமா நசுங்கும்? நேர்த்தி செஞ்சேன்மா, அன்னிக்கு சூடு கூடிப்போச்சு போலன்னு பாதி நெசத்தச் சொல்லிரலாம். நல்லா இருக்கு. மூணு தடவயும் கூடுச்சா? அவ கேக்க மாட்டா, குழுவுல இருக்கிறவளுக கேப்பாளுக. நானூறு பேரு. திலகாக்கா விதைய அவிச்சு அனுப்புனாளாமேன்னு கம்பத்துல இருந்து கடலூர் வரைக்கும் சிரிப்பாளுக, காறித் துப்புவாளுக. பதினோரு நாளு தேடாதவளுக அன்னிக்கு ஒரு நிமிசத்துல என்னத் தேடி வருவாளுக. கைய மூணு தடவ கழுவிட்டேன், கத்தரிக் காம்பு குத்துன எடம் எரியுது. காலிங் பெல் அடிக்குது. அதுக்குள்ளயா?

கதவத் தொறந்தா ஒல்லியா, கறுப்பா, முப்பத்தெட்டு வயசுக்கு முன்நெத்தி முடி நரச்சு ஒருத்தி நிக்குறா. கையில மல்லியப்பூப் பொட்டலம், தோள்ல துணிப்பை. ‘அக்கா’ன்னா. அவ்வளவுதான், கண்ணு ரெண்டும் நெறஞ்சிருச்சு. எனக்கு அடிவயித்துல இருந்து எரிச்சல் வந்துச்சு. வாம்மா, வா, வெயில்ல வந்துருக்க, உக்காருன்னேன். ‘தோட்டத்த மொதல்ல பாத்துர்றேன்க்கா’ன்னு செருப்பக் கழட்டிப் போட்டுட்டு மாடிப்படி ஏறுனா, மொட்டமாடிக்கு எவளாவது செருப்பக் கழட்டுவாளா, தரை கொதிக்குது. ஒவ்வொரு தொட்டியா நின்னு பாத்தா. எதையும் தொடல. கையப் பின்னால கட்டிக்கிட்டே பாத்தா. கத்தரிச் செடிக்கிட்ட வந்து நின்னு, ‘காய் இல்லையாக்கா?’ ‘நேத்துதாம்மா பறிச்சு அக்கம்பக்கம் குடுத்தேன்.’ ‘அதானே, உங்களுக்குக் குடுக்காம இருக்க முடியாதே’ன்னா. குத்திக் காட்டுறாளான்னு மொகத்தப் பாத்தேன். இல்ல. நெசமாத்தான் சொல்றா. கீழ வந்து உக்காந்தோம். பையத் தொறந்து ஒரு எவர்சில்வர் சம்புடத்த எடுத்தா. கூடவே துணியில சுத்தி ஒரு காய். ஊதா, வெள்ள வரி. என் காய்.

‘மூணாவதா அனுப்புனீங்கல்ல, அந்த முப்பதுல ஒண்ணே ஒண்ணு வந்துச்சுக்கா’ன்னா. ‘யாருகிட்டயும் சொல்லல, சொன்னாச் செத்துருமோன்னு பயம். மாமியாவுக்குத் தெரியாம தண்ணித் தொட்டிக்குப் பின்னால வச்சிருந்தேன். நீங்க சொல்லிக் குடுத்தபடி பூவுக்குப் பூ பை தச்சுக் கட்டுனேன். நாலு காயப் பழுக்க விட்டு நாலுலயும் எடுத்தேன். எல்லாம் இதுல இருக்கு. உங்க விதை, உங்ககிட்டயே குடுக்கணும்னு.’ ஏம்மா, தபால்ல போட்டிருக்கலாம்லன்னு கேட்டேன், என் கொரல் எனக்கே யார் கொரலோ மாதிரி இருந்துச்சு. ‘போட்டா என் ராசிக்கு வழியிலயே கெட்டுப் போயிருமோன்னுதான்க்கா நேர்ல வந்தேன்.’ ‘உனக்கு எத்தன வச்சுக்கிட்ட?’ ‘ஒண்ணும் வைக்கல. செடியும் போன வாரம் பட்டுப் போச்சு. இன்னும் எதுக்கு அத நான் சாகடிக்கணும்?’ சம்புடத்தத் தொறந்து பாத்தேன். எரநூறு முந்நூறு இருக்கும், தங்கமாட்டம் மஞ்ச, ஒரு சொத்த இல்ல. எனக்கு மூச்சு வந்துச்சு. தெரியாது இவளுக்கு, ஒண்ணுமே தெரியாது! போன பேரு திரும்பி வந்து மடியில உக்காந்துருக்கு, கேக்காமயே, யாருக்கும் தெரியாமயே. சிரிச்சிருவேனோன்னு பயமா இருந்துச்சு. அப்பத்தான் அவ கேட்டா. சம்புடத்தப் பாத்துக்கிட்டே, என்னப் பாக்காம கேட்டா. ‘அக்கா, நீங்க மறைக்காமச் சொல்லுவீங்கன்னுதான் கேக்குறேன். நான் என்னக்கா தப்பு பண்றேன்? மண்ண சலிச்சேன், அளந்து தண்ணி தெளிச்சேன், நீங்க சொன்னத ஒண்ணு விடாம செஞ்சேன். தொண்ணூறுல எண்பத்தொம்பது செத்துப் போச்சு. தப்பு இன்னதுன்னு தெரிஞ்சா திருத்திக்குவேன். இல்ல, நான் தொடவே கூடாதுன்னா அதையும் சொல்லிருங்க. நீங்க சொன்னாக் கேட்டுக்கிறேன்.’

சொல்லியிருக்கலாம். மூணே வார்த்தைதான், வெந்நியில போட்டு அனுப்புனேன்மா. வாயில வந்துருச்சு, நெசமா வந்துருச்சு, நாக்கு நுனியில நின்னுச்சு. சொன்னா என்ன செய்வா? ஒரு நிமிசம் பாப்பா. அப்புறம் ஏன்க்கா, நான் ஏதும் மனசு நோகப் பேசிட்டேனான்னு கேப்பா. கையப் பிடிச்சுக்குவா. அந்த நரச்ச தலைய ஆட்டி, விடுங்கக்கான்னு சொல்லி அந்த எடத்துலயே மன்னிச்சிருவா, யாருகிட்டயும் சொல்லவும் மாட்டா. சாகுற வரைக்கும் அவ மன்னிப்புல நான் கெடக்கணும், ஐப்பசியில அவ அனுப்புன நெலவேம்புப் பொடியக் குடிச்சுக்கிட்டுக் கெடந்த மாதிரி. மாட்டேன். அவ மொகத்த நேராப் பாத்து, மெதுவா, ரொம்பப் பாசமாச் சொன்னேன். ‘சில பேரு கை அப்படித்தாம்மா. அவங்க தப்பு ஒண்ணும் இல்ல.’ அவ தலைய ஆட்டுனா. அழுவான்னு பாத்தேன், அழல. ‘எல்லாரும் சொன்னப்ப நான் முழுசா நம்பலக்கா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்’னா. சாப்பிட்டுப் போன்னேன், வேணாம், பன்னெண்டு மணி பஸ்ஸப் பிடிச்சாத்தான் சமைக்க முடியும்னா. போகும்போது அந்த மல்லிய என் தலையில வைக்க வந்தா, வச்சு விடட்டுமாக்கான்னு கேட்டா, அப்புறம் என்ன நெனச்சாளோ, பொட்டலத்த என் கையில குடுத்து நீங்களே வச்சுக்கங்கன்னுட்டுப் போயிட்டா.

ஒரு மணி நேரங்கூட ஆகல, குழுவுல எழுதியிருக்கா, பஸ்ல உக்காந்து எழுதியிருப்பா போல. ‘சொந்தங்களே, இனிமே நான் தோட்டம் போடல. எங்கிட்ட அறுபத்திரண்டு ரகம் விதை இருக்கு. வேணுங்கிறவங்க கேளுங்க, கவரும் வேணாம் ஸ்டாம்பும் வேணாம், நானே அனுப்புறேன். இது எல்லாம் என் கை அதிகமாப் படாத பழைய விதை, பயப்படாம வெதைக்கலாம்.’ ஐயோ ஜெசி, என்னாச்சு ஜெசின்னு ஒரே கூச்சல். நிமிசத்துக்குப் பத்து. அதுல எவளோ எழுதுறா, ‘திலகாக்கா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா, நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க.’ அதுக்குக் கீழ வரிசையா ஆமா ஆமா, திலகாக்கா சொல்லுங்க, திலகாக்கா எங்க இருக்கீங்க. இத்தன வருசத்துல என் பேரு ஒரே நேரத்துல இத்தன தடவ அந்தக் குழுவுல வந்ததே இல்ல. மேல இருந்து கீழ தள்ளித் தள்ளிப் படிச்சேன். முப்பத்தேழு தடவ. நல்லா ரசிச்சுப் படிச்சிட்டு, ‘அவங்க முடிவு அது, மதிப்போம் சொந்தங்களே’ன்னு போட்டேன். போட்ட பெறகு இன்னொண்ணு தோணுச்சு. அவகிட்ட அந்த நாட்டு வெள்ளப் பாவக்கா இருக்கு, வேற யார்கிட்டயும் கெடையாது, எவளாவது முந்திக்குவா. மொத ஆளா எழுதுனேன், ‘வெள்ளப் பாவக்கா எனக்கும்மா’ன்னு. அடுத்த நொடி அவ பதில் வந்துருச்சு. ‘உங்களுக்கு இல்லாததாக்கா. நாளைக்கே மொத்தத்தையும் அனுப்பிர்றேன். உங்க கையில இருந்தா உசுரோட இருக்கும்.’